பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது

திண்டுக்கல்லுக்கு என்றே கிளம்பி வருகிறவர்கள் குறைவு. கொடைக்கானலுக்குக் கிளம்பியவர்கள், பழனிக்குக் கிளம்பியவர்கள், மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் பஸ் மாறுகிறவர்கள்தான் இங்கே இறங்குவார்கள். கடைசி பஸ் போய்விட்டால் தங்குவார்கள். அப்படித் தவறவிட்டவர்களை நம்பித்தான் என் தாய்மாமா காமராஜர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் லாட்ஜ் நடத்திவந்தார். பி.காம். முடித்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் கார்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னை ராத்திரி நேரம் கவுண்டரில் உட்கார வைத்தார். சம்பளம் என்று ஒன்றும் பேசவில்லை. அக்கா மகனுக்கு என்ன சம்பளம்?

1985 செப்டம்பர் 15-இல் மதுரையிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் மாவட்டத் தலைநகராகியிருந்தது. அதனால் புதிது புதிதாக அலுவலகங்கள் வந்தன. குடும்பத்தைக் கொண்டுவராத அரசு ஊழியர்கள் மாத வாடகைக்கு அறை எடுத்தார்கள். மற்றபடி மருந்துக் கம்பெனி ரெப்புகள், கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத பழனி பக்தர்கள், கையில் மருதாணி சிவப்பு மாறாத புதுமணத் தம்பதிகள். இவர்கள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, பில்லுக்குப் பணம் எண்ணும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. இங்க பார்க்க என்ன இருக்கு?"

மாமா நிமிராமல் சொல்வார்: "ஒண்ணுமில்லங்க. பிரியாணி சாப்பிட்டுக் கெளம்புங்க."

எனக்குக் கோபம் வரும். பிறந்து வளர்ந்த ஊரை ஒரு தட்டு பிரியாணிக்குள் அடக்கிவிடுகிறாரே என்று. அவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து நான் என் பாட்டுக்கு ஆட்களை மலைக்கோட்டைக்கு அனுப்ப ஆரம்பித்தேன். சில சமயம் நானே கூடப் போனேன்.

மலைக்கோட்டை என்றால் மொட்டைப் பாறை. ஊருக்கு மேற்கே யானை படுத்த மாதிரி கிடக்கும். படிக்கட்டு என்று தனியாகக் கட்டியதில்லை; பாறையிலேயே ஆழமில்லாமல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் வழுக்கும். வெயில் ஏறினால் செருப்பையும் தாண்டிச் சுடும். மதுரை நாயக்கர்களில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கட்டத் தொடங்கியது, திருமலை நாயக்கர் பலப்படுத்தியது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். அதைச் சொன்னால் விருந்தாளி கொட்டாவி விடுவார். ஹைதர் அலி பெயரைச் சொன்னதும் நிமிர்வார். 1755-இல் மைசூர் அரசு ஹைதரைத் திண்டுக்கல் ஃபௌஜ்தாராக அனுப்பியது. அப்போது அவர் மன்னருமல்ல, பெரிய பெயருமல்ல. பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை அமைத்து, சொந்தமாகப் படை திரட்டி, பின்னாளில் மைசூரையே கையில் எடுத்ததற்கான முதல் பலத்தை இந்தப் பாறையடியில்தான் சேர்த்தார். இங்கிருந்து வேறெங்கோ போவதற்காக வந்தவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பக்கம்தான். விருப்பாட்சியில் இருந்தபடி, ஹைதரிடம் உருதிலேயே பேசிப் படை உதவி பெற்றார்; 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவருக்கு இடம் கொடுத்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், பிற்பாடு மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கும்பினியை எதிர்த்தார். 1801-இல் அவரை ஒரு குளக்கரையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் குளக்கரை இப்போது ஊருக்குள்ளேயே, கோபாலசமுத்திரம் என்ற பெயரில் இருக்கிறது. ஆட்டோ, தள்ளுவண்டி, சைக்கிள் கடை என்று அந்தப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்குக் கோபால் நாயக்கரைத் தெரியும்?

கோட்டையின் உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. தூணிருக்கிறது, மண்டபமிருக்கிறது, கருவறையில் சாமி இல்லை. அபிராமி அம்மனைக் கீழே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சாமியில்லாத கோயிலைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏற்றிவிட்டாயே என்று திருச்சிக்கார ஐயா ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டே கொடிமேடைப் பக்கம் போய் நின்றவர் அப்புறம் பேசவே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடக்கும். தெற்கும் கிழக்குமாகச் சிறுமலை. நடுவில் எங்கள் சமவெளி: குளம், தென்னந்தோப்பு, நூல் மில்களின் தகரக் கூரை, தோல் ஷாப்புகள், பேகம்பூர் பள்ளிவாசலின் மினார்கள். அந்தப் பள்ளிவாசல் வளாகத்தில்தான் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கிறார். அந்தப் பகுதிக்கே அவர் பெயர்தான். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பதனிடும் தோலின் வாசனையும் மேலே ஏறி வரும். அந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தும் வைத்தது. சுற்றுலாத் துறையின் படங்களில் வாசனை வராது என்பது ஒரு வசதி.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை. மேலே ஏறினால் எது ஆயுதக் கிடங்கு, எது கைதிகள் அறை என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகம் என்றால் எங்கள் ஊர் இளவட்டங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சுரங்கப்பாதை மதுரை வரை போகிறது என்று சாதிக்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

மலையேற முடியாதவர்களை நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறைக்கு அழைத்துப் போவேன். இதை யாரும் பார்க்கும் இடமாக நினைத்ததில்லை, பட்டறைக்காரர்கள் உட்பட. "இதுல என்னத்த தம்பி பாக்கப் போறாக?" என்றார் ஒரு பெரியவர். ஆனால் ஆள் வந்து நின்றுவிட்டால் அவரால் கையை நிறுத்த முடியாது. வாயையும் நிறுத்த முடியாது. தகட்டை வெட்டி, அடித்து வளைத்து, உள்ளே லீவர்களை அடுக்குவார். ஒவ்வொரு லீவரும் தனக்குரிய உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டின் நாக்கு விலகும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு லீவருக்கு. அந்த வெட்டை அளவுகோல் வைத்து அவர் போட்டதில்லை. அரத்தால் இரண்டு இழுப்பு, போட்டுப் பார்ப்பது, காதருகே வைத்துத் திருப்புவது, மறுபடி அரை இழுப்பு. மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு, கோயில் கதவுக்கென்று கையகலப் பூட்டு, திறந்தால் மணியடிக்கிற பூட்டு என்று வகைவகையாகச் செய்தார்கள். மணிப்பூட்டைத் திருப்பிக் காட்டினால் பெரிய மனிதர்களும் குழந்தையாகி, "இன்னொரு வாட்டி" என்பார்கள்.

ஒருமுறை ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி வந்தார்கள். கொடைக்கானலில் மழை என்று கேள்விப்பட்டுக் கிளம்பாமல் லாட்ஜிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பூட்டு ஆசாரி வீட்டு அம்மா தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டார். கொடைக்கானல் போனார்களா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மதுரை பஸ் ஏறினார்கள்.

அலிகாரிலிருந்து எந்திரத்தில் அடித்த பூட்டுகள் பாதி விலைக்கு வர வர, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிள்ளைகள் நூல் மில்லுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படம் போட்டார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் அதைப் பார்க்க இல்லை. குறியீடு பெயரைக் காப்பாற்றும், சரி; அரத்தைப் பிடிக்கக் கை வேண்டுமே. என்னைக் கேட்டால், நாலு பட்டறைகளை ஒரே தெருவில் வைத்து, பயணிகள் உட்கார்ந்து பார்க்க நாலு பெஞ்சு போட்டு, செய்த பூட்டை அங்கேயே நல்ல விலைக்கு விற்க வழிசெய்தால் பஸ் மாறுகிறவர்களில் பாதிப் பேர் அங்கே வந்து நிற்பார்கள்.

நேரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்குத் தாடிக்கொம்பு. வேடசந்தூர் பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தாயார் சன்னிதிக்கு முன்னால் இருக்கிற மண்டபத்துத் தூண்களை நான் பார்க்கும்போதெல்லாம் மதுரைக்கு மட்டும் ஏன் அவ்வளவு கூட்டம் என்று தோன்றும். கருடன் மேல் பெருமாள், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், மன்மதன், ரதி. பெருமாள் கோயிலில் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிற ஊர்த்துவ தாண்டவரும் எதிரே காளியும்! யார் கேட்டுச் செய்தார்களோ, சிற்பி தன் ஆசைக்குச் செய்தாரோ. தேய்பிறை அஷ்டமிக்குச் சொர்ணாகர்ஷண பைரவரைப் பார்க்கக் கூட்டம் நெரியும். கடன் தீர வேண்டும் என்று வருகிறவர்கள் தூணைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

தெற்கே போனால் சின்னாளபட்டிச் சுங்குடி, அதற்குப் பக்கத்தில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம். இன்னும் தெற்கே அம்மையநாயக்கனூர், அதாவது கொடை ரோடு ரயில் நிலையம். இந்த நிலையத்தைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட ஆற்றாமை உண்டு. கொடைக்கானலை 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் உருவாக்கினார்கள். ரயில் இந்தச் சமவெளிக்கு 1875-இல் வந்தது. மலைக்கு மோட்டார் ஏறும் சாலை 1914-இல்தான் திறந்தது. நடுவில் அத்தனை வருடம் வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்த நிலையத்தில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். தூக்கியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் எந்தப் பாதையில் நடந்தார்கள், எங்கே இறக்கி வைத்து இளைப்பாறினார்கள் என்று ஒரு பலகைகூட நான் இதுவரை பார்த்ததில்லை.

பிரியாணியைச் சொல்லாமல் விட்டால் மாமாவின் ஆவி என்னை விடாது. 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடைதான் முதலாளியின் தலைப்பாகையால் தலப்பாக்கட்டியாகி, இன்று கடல் தாண்டியும் போயிருக்கிறது. சீரக சம்பா, இளம் ஆட்டுக்கறி, மசாலா தூக்கலாக இருந்தாலும் நிறம் ஏறாத சோறு. நல்ல சாப்பாடுதான். ஊரைப் பார்த்ததாக ஆகாது, அவ்வளவே.

என் சித்தப்பா மகன் கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்துக் கால்கரி நகரத்தில் இருக்கிறான். போன டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தான். வருவதற்கு முன்பே, "அண்ணே, பசங்களுக்கு ஒரு பிளான் போட்டு வைங்க" என்றான். அங்கே எல்லாம் பிளான்தான் போல. பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு, ஏரிக்குப் போகப் பேருந்து முன்பதிவு. மொரெய்ன் என்று ஒரு ஏரியாம். 2023-இலிருந்து சொந்தக் கார் போகவே முடியாதாம். ஜூலையில் கால்கரியில் ஸ்டாம்பீட் என்ற காளை-குதிரைத் திருவிழா, 1912-இல் தொடங்கியது. அவன் போனில் காட்டிய படங்களைப் பார்த்தேன். தண்ணீர் அந்த நிறத்தில் இருக்கும் என்று நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

அந்தப் பான்ஃப் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. 1883-இல் ரயில் பாதை போட வந்த தொழிலாளிகள் வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். 1885-இல் அரசு அதைச் சுற்றி நிலத்தை ஒதுக்கியது. ரயில் கம்பெனியே ஓட்டல் கட்டி, வண்டியை நிரப்ப ஆளைக் கூப்பிட்டது. சும்மா கடந்துபோகிற வழியில் கிடந்ததைத்தான் இறங்கிப் பார்க்கும் இடமாக ஆக்கினார்கள். அங்கே காலங்காலமாக இருந்த பழங்குடிகளை வெளியே நிறுத்திவிட்டு ஆக்கினார்கள் என்பதையும் தம்பியே சொன்னான்.

பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் வேண்டாமென்று நான்தான் சொன்னேன். குணா குகைப் படம் ஒன்று 2024-இல் மலையாளத்தில் வந்து கூட்டத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. அதே வருடம் மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வண்டிகளுக்கு இ-பாஸ். "அப்போ இங்கயும் மொரெய்ன் லேக் மாதிரிதான், பெரியப்பா" என்றாள் பெரியவள். சிறுமலைக்குக் கூட்டிப்போனேன்.

பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. சின்னவன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் வாந்தி எடுத்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து எண்ணினான். மேலே பாதையோரம் குதிரைகள் நின்றிருந்தன. முதுகில் சாக்கு விரித்து, இரண்டு பக்கமும் வாழைத்தார், எலுமிச்சை மூட்டை. சாலை போகாத தோட்டங்களிலிருந்து சரக்கை இறக்குவது இன்னமும் குதிரைதான். "சவாரிக்கு எவ்வளவு?" என்று ஸ்டாம்பீட் ஊர்ப் பெண் கேட்டாள். குதிரைக்காரர் சிரித்தார். "இது வேலைக்குப் போற குதிரை பாப்பா. கொடைக்கானலுக்குப் போனா ஏறலாம்."

சிறுமலைப் பழத்தைப் பற்றி அங்கேயே கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். தோல் தடித்து, உள்ளே கெட்டியாய், லேசான புளிப்போடு இனிக்கும்; பல நாள் வைத்தாலும் கசியாது. இதன் சகோதரமான விருப்பாட்சிப் பழம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலை வாழையைத் துடைத்துப் போட்டுவிட்டது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். குருத்து விரியாமல் இலைகள் கொத்தாய் நின்றுவிடும், தார் போடாது. அதிலிருந்து மலை முழுதாக மீளவே இல்லை. 2008-இல் இரண்டு பழங்களுக்கும் புவிசார் குறியீடு வந்தது. கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் வெல கேட்டா எல்லாரும் மொறைக்கிறாக" என்றார்.

சிறுமலையில் இப்போது விடுதிகள் முளைக்கின்றன. வார இறுதியில் மதுரைக் கார்கள் வரிசை கட்டுகின்றன. வளைவுகளில் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் கிடக்கின்றன. திண்டுக்கல்லுக்குச் சுற்றுலா வளர வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் கீழே ஊருக்குள் பத்தாயிரம் பேர் வந்தாலும் பாறை தாங்கும், பட்டறை பிழைக்கும். சிறுமலை ஒரு சின்ன மலை. அதன் தண்ணீர் கீழே எங்கள் குளங்களுக்கு வர வேண்டும். அங்கே இன்னொரு கொடைக்கானல் கட்ட இடமில்லை. இ-பாஸ் போடுவதானால் கூட்டம் வருவதற்கு முன்பே போடலாமே.

தைப்பூசம் வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். பள்ளி திறந்துவிடும் என்றான். இருந்திருந்தால் பிள்ளைகள் எங்கள் ஊரின் மிகப் பெரிய காட்சியைப் பார்த்திருப்பார்கள். செட்டிநாட்டு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாக வரும். அதற்கு முன்னும் பின்னும் பல நாட்களுக்கு, பச்சையும் காவியும் கட்டிய கூட்டம் ராவும் பகலும் சாலை நிறைய நடக்கும். அந்த நாட்களில் மாமா லாட்ஜின் முன் வராந்தாவைக் கழுவிவிட்டு, யார் வேண்டுமானாலும் படுக்கலாம் என்று விட்டுவிடுவார். மோர்ப்பானையை வெளியே வைப்பார். கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவது என் வேலை. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவிடச் சொல்லி ஒரு தேவகோட்டைப் பாட்டி கற்றுக்கொடுத்தார். டாக்டர்கள் ஒப்ப மாட்டார்கள், பாட்டி விடியுமுன் ரெட்டியார்சத்திரம் தாண்டியிருப்பார். காசே புழங்காத அந்த வாரத்தில்தான் மாமா சந்தோஷமாக இருந்தார். ஊரில் ஒன்றுமில்லை என்று அப்போது யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

தம்பி அடுத்து ஆகஸ்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே கோடை விடுமுறை. பிள்ளைகளிடம் நான் போட்டுக் கொடுத்திருக்கும் பிளானில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் கோயில் திருவிழா. நேர்ச்சையாக வந்த ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் மலையாகக் குவிந்திருக்க, ராத்திரி முழுக்கச் சமைத்து, ஆயிரக்கணக்கான பேருக்கு அசைவ அன்னதானம். சாதி, மதம், ஊர் எதையும் கேட்க மாட்டார்கள். முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தூக்குவாளி எடுத்துக்கொள்ள வேண்டும். வாளி எந்த அளவு என்று பெரியவள் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். மூணு லிட்டர் போதும் என்று எழுதினேன்.